கடன்படாத ஊரில் குடியேறல்: நோர்வேயின் டுக்னாட்டும் புதியவரின் தனிமையும்

ஒஸ்லோ நகரின் அடுக்குமாடிக் குடியிருப்புகளில் ஏப்ரல் கடைசியில் மாடிப்படியருகே ஒரு தாள் ஒட்டப்படும். இன்ன நாளில் மாலை எல்லோரும் முற்றத்துக்கு வரவேண்டும்; கையுறை இருந்தால் கொண்டுவாருங்கள்; வேலை முடிந்ததும் கோப்பியும் வாஃபிளும் உண்டு. பனிக்காலத்தில் வழுக்காமலிருக்கத் தூவிய சரளைக்கல்லைக் கூட்டி அள்ளுவது, பனிக்கடியில் கிடந்து மக்கிய இலைகளை வாருவது, மரவாங்குகளுக்கு எண்ணெய் பூசுவது - இவ்வளவுதான் வேலை. கூலி கிடையாது. இதற்குப் பெயர் டுக்னாட். மூன்று வருடம் ஒரே படியில் ஏறி இறங்கியும் 'ஹை' என்பதற்கு மேல் பேசாத பக்கத்து வீட்டுக்காரர், அன்று குப்பைப் பையின் மறுவிளிம்பைப் பிடித்துக்கொண்டு தம் முழங்கால் வலி வரைக்கும் பேசுவார். மறுநாள் படியில் பழையபடி 'ஹை' மட்டும்.

அந்த மறுநாள்தான் புதிதாய் வந்தவரைக் குழப்புகிறது. நேற்றைய நெருக்கம் எங்கே போயிற்று? கடப்பாடு என்ற பொருள் நோர்வேயரிடத்திலும் தமிழரிடத்திலும் இரண்டு தடங்களில் ஓடுவதால் வரும் குழப்பம் இது என்பதும், குடியேறலை அளக்கும் அளவுகோல்கள் இதைக் காணத் தவறுகின்றன என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

1. வழக்கமான விளக்கங்கள்

முதல் விளக்கம் குணத்தைச் சொல்வது: நோர்வேயர் கூச்சக்காரர், குளிர்நாட்டார். இதற்குத் துணையாக, உன்னை மற்றவரிலும் மேலாக நினைக்காதே என்னும் 'யாந்தே விதிகள்' அடிக்கடி இழுக்கப்படுகின்றன. அவை ஆக்சல் சாண்டமூசெ 1933இல் வெளியிட்ட நாவலில், கற்பனைச் சிற்றூர் ஒன்றின் மூச்சுமுட்டலைக் குத்திக்காட்ட எழுதியவை. அங்கதத்தை இனவரைவாகப் படிப்பது பிழை.

இரண்டாம் விளக்கம் கொள்கை சார்ந்தது. 2003இன் அறிமுகச் சட்டமும், அதன் இடத்தில் 2021இல் வந்த ஒருங்கிணைப்புச் சட்டமும் அகதியாய் வந்தோருக்கு மொழி வகுப்பு, சமூகக் கல்வி, வேலைக்கான ஆயத்தம் ஆகியவற்றை ஒழுங்குசெய்தன. வகுப்பில் பெரும்பாலும் பூக்மோல் என்னும் எழுத்துவழக்கைக் கற்றவர் வெளியே வந்தால், கடைக்காரர் முதல் நாடாளுமன்ற உறுப்பினர் வரை அவரவர் வட்டார வழக்கில் பேசுகிறார்கள், தடுமாற்றம் உண்மை. ஆனால் மொழி தேறி, வேலையும் வீடும் அமைந்த பின்னும் எஞ்சும் தனிமையை இவ்விளக்கம் தொடுவதில்லை.

2. சமத்துவமும் கடனும்

மானிடவியலாளர் மாரியானே குல்லெஸ்தாத், 'லீக்ஹெத்' என்ற நோர்வேச் சொல் சமத்துவத்தையும் ஒத்திருத்தலையும் சேர்த்தே குறிப்பதைக் கவனித்தார். சமமாய் உணர வேண்டுமானால் ஒருவரையொருவர் ஒத்திருப்பதாக உணர வேண்டும். வேறுபாடு தலைகாட்டும் இடத்தில் நாசூக்காக விலகியிருப்பார்கள். இதோடு ஸ்வீடிய வரலாற்றாசிரியர் லார்ஸ் திரேகோர்டின் கருத்தையும் வைத்துப் பார்க்கலாம்: வடபுலத்து நலஅரசு, தனிமனிதரைக் குடும்பத்துக்கும் அயலாருக்கும் தயவுக்கும் கட்டுப்பட்டிருப்பதிலிருந்து விடுவித்தது. நோர்வேயில் 1967இல் நடைமுறைக்கு வந்த தேசியக் காப்புறுதி அந்தப் பணியைச் செய்தது. முதுமைக்கும் நோய்க்கும் யாரிடமும் கையேந்த வேண்டாம் என்றானபோது, யாரிடமும் கடன்படாதிருப்பதே கண்ணியம் என்றாயிற்று.

அன்றாடத்தில் இது நுண்ணிய வடிவெடுக்கிறது. 2015இல் வந்த விப்ஸ் என்ற கைபேசிப் பணப்பரிமாற்றச் செயலி இன்று ஒரு வினைச்சொல்லாகவே ஆகிவிட்டது. நண்பர் வாங்கித் தந்த ஒரு கோப்பியின் காசும் கோப்பை காலியாகும் முன்பே அவர் கணக்குக்குப் போய்விடும். சேர்ந்து பொழுதுபோக்கியவரை அடுத்தமுறை காணும்போது 'தக் ஃபொர் சிஸ்ட்', அதாவது 'போனமுறைக்கு நன்றி' என்பார்கள். பட்ட கடன் சொல்லால் தீர்க்கப்படுகிறது.

தமிழ் வழக்கில் நிலைமை நேரெதிர். உறவுக்காரரிடமோ நெருங்கிய நண்பரிடமோ நன்றி சொன்னால், "என்ன, எங்களை வேற ஆக்களா நினைக்கிறியளோ?" என்ற கேள்வி வரும். அயல்வீட்டிலிருந்து கறி வந்த பாத்திரத்தை வெறுமையாய்த் திருப்பிக் கொடுப்பதில்லை, உடனே கொடுப்பதுமில்லை. அந்தத் தாமதத்தில்தான் உறவு உயிரோடிருக்கிறது. அங்கே தீர்க்க வேண்டியது கடன். இங்கே தீரக்கூடாதது கடன்.

3. டுக்னாட்டின் திருப்பம்

நோர்வேயும் என்றும் இப்படி இருந்ததில்லை. டுக்னாட் என்ற சொல் உதவி என்னும் பொருள்தரும் பழைய நோர்ஸ் சொல்லிலிருந்து வந்தது. நாட்டுப்புறத்தில் ஒரு வீட்டின் கூரை வேயவோ களஞ்சியம் எழுப்பவோ அயலார் கூடினார்கள். வேலை நடந்த வீட்டார் சாப்பாடும் குடிவகையும் கொடுத்தார்கள். யாருக்கு யார் கடன்பட்டார் என்பது எல்லோருக்கும் தெரியும். இன்றைய டுக்னாட்டோ விளையாட்டுக் கழகத்துக்கும், பாலர் பள்ளிக்கும், குடியிருப்புக் கூட்டுறவுக்கும் உரியது. 2004இல் அதைத் தேசியச் சொல்லாகத் தொலைக்காட்சி நேயர்கள் தேர்ந்தார்கள். 2020இல் பெருந்தொற்றை எதிர்கொள்ளப் பிரதமர் ஆர்ணா சூல்பர்க் நாட்டு மக்களை அழைத்ததும் அதே சொல்லால்தான். ஆளுக்கு ஆள் இருந்த கடன் இவ்வாறு பொதுவுக்கு மாறிவிட்டது. வாஃபிளை வார்ப்பவர் விருந்தளிப்பவர் அல்லர். அவரும் அன்றைய வேலையாள். முழங்கால் வலி பேசிய அயலவர் மறுநாள் எதையும் மறக்கவில்லை. அவர் கணக்கில் கொடுக்கல் வாங்கல் முற்றத்தோடு நடந்தது, உங்களோடு அல்ல.

4. ஃபின்மார்க்கின் சான்று

இவ்வாதத்தைச் சோதிக்கத் தகுந்த களம் நோர்வேத் தமிழரின் வரலாறு. யாழ்ப்பாணம் குருநகரைச் சேர்ந்த அன்ரனி ராஜேந்திரம் 1956இல் நோர்வே வந்தார். நோர்வேயரின் துணையோடு அவர் தொடங்கிய சீநோர் நிறுவனம் யாழ்ப்பாணத்தின் மீன்பிடித் தொழிலை வளர்க்க முனைந்தது. 1975இல் வேலை தேடி வருவோருக்கு நாடு கதவை அடைத்த பின், பரீட்சையும் புள்ளியும் இல்லாத மக்கள் உயர்பள்ளிகளின் வழியே இளைஞர் பலர் மாணவராக வந்தார்கள். இலங்கையில் போர் மூண்டதும் அகதிகள் வந்தார்கள். பெருந்தொகையானோர் வடகோடியில் ஃபின்மார்க்கின் மீன் பதனிடும் ஆலைகளில் வேலைக்குச் சேர்ந்தார்கள்.

அத்தகைய ஊரொன்றில் களஆய்வு செய்த மானிடவியலாளர் ஆன்னே சிக்ஃபிரிட் கிரோன்செத், தமிழர்கள் உடம்பெங்கும் வலி, அசதி என்று சுகாதார நிலையத்துக்குத் திரும்பத் திரும்பச் சென்றதையும், மருத்துவத்தால் அவற்றுக்குப் பெயரிட முடியாமற்போனதையும் பதிவுசெய்தார். இழந்த உறவுலகின் வெளிப்பாடாக அந்த வலிகளை வாசித்தார். நம் வாதத்துக்கு வேண்டியது இதுதான்: அவர்களுக்கு வேலை இருந்தது. வரி கட்டினார்கள். ஊரின் முதன்மைத் தொழிலுக்குத் தோள் கொடுத்தார்கள். கொடுப்பதில் குறையில்லை. யாரிடம் வாங்குவது என்பதற்குத்தான் ஆளில்லை.

5. இரு மறுப்புகள்

நோர்வேயரும் தங்களுக்குள் கடன்பட்டே வாழ்கிறார்கள் என்று ஒருவர் மறுக்கலாம். சரிதான். பெர்கன் நகரின் இளம் தொழிலாளர் குடும்பத்துத் தாய்மாரைப் பற்றிய குல்லெஸ்தாத்தின் 1984ஆம் ஆண்டு நூல், சமையலறை மேசையைச் சுற்றி ஓயாமல் நடந்த வருகையையும் பேச்சையும் காட்டுகிறது. ஆகவே கடன்படாமை இரத்தத்தில் ஊறியதல்ல. அறிமுகமற்றவர்க்கிடையே காக்கப்படும் மரியாதை அது. மேசைக்குச் செல்லும் வழி பெரும்பாலும் பள்ளித்தோழமையிலும் உறவிலும் தொடங்குகிறது. நடுவயதில் வந்திறங்கியவருக்கு இரண்டுமில்லை.

தமிழர் தங்கள் வட்டத்துக்குள் ஒதுங்கினர் என்பது மற்றொரு மறுப்பு. ஆனால் வார இறுதித் தமிழ்ப் பள்ளிகளைப் பாருங்கள்: சம்பளமின்றிக் கற்பிப்போர், சிற்றுண்டி கட்டிவரும் தாய்மார், கதிரை அடுக்கும் தந்தையர். அசல் டுக்னாட் இது. வேறுபாடு ஒன்றுதான்: இங்கே வேலை முடிந்தும் கணக்கு மூடுவதில்லை. கதிரை அடுக்கியவர் வீட்டுச் சாவீட்டுக்கும் சடங்குக்கும் மற்றவர் போயாக வேண்டும்.

6. முடிவாக

குடியேறலை அளப்போர் புதியவர் எதைக் கொடுக்கிறார் என்றே எண்ணுகிறார்கள்: மொழித் தேர்ச்சி, வேலை, வரி, டுக்னாட்டுக்கு வந்த நாள். இவை அவரைச் சமமானவர் ஆக்குகின்றன, உறவினர் ஆக்குவதில்லை. அதற்கு அவர் கேட்கவும் வேண்டும். நோர்வேயில் கேட்பது கூச்சம், தமிழ் வழக்கில் அந்நியரிடம் கேட்பது இழுக்கு. இரண்டு நாணங்களும் ஒரே படிக்கட்டில் எதிரெதிரே நிற்கின்றன. டுக்னாட் நாள் தனியே இதைத் தீர்க்காது. அது தருவது கேட்பதற்கான ஒரு முகாந்திரம் மட்டுமே. அன்று முற்றத்தில் ஏணி பிடித்தவரின் கதவை அடுத்த வாரம் தட்டி, அந்த ஏணியைக் கேட்டு வாங்கி, திருப்பிக் கொடுக்க இரண்டு நாள் தாமதிப்பவர், எந்தச் சட்டமும் எண்ணாத ஒரு படியில் ஏறியிருக்கிறார்.