யானைக் கணக்கு: அன்றும் இன்றும்

இராகலையின் தேயிலை மலைகளில் இன்று யானைகள் இல்லை. கோப்பித் தோட்டங்களுக்காகக் காடுகள் வெட்டப்படுமுன் அவை மத்திய மலைநாட்டின் உயர்நிலங்கள் வரை உலாவின. 1845இல் அப்புத்தளையில் மின்னல் தாக்கி இறந்து, நுவரெலியாவில் அடக்கம் செய்யப்பட்ட மேஜர் றோஜர்ஸ் 1,400க்கும் மேற்பட்ட யானைகளைச் சுட்டதாகக் கூறப்படுகிறது.

யானையைக் கொன்றவர்களுக்கு ஆங்கில அரசே சன்மானம் வழங்கியது. வடபகுதியில் மட்டும், 1848க்கு முந்திய மூன்று ஆண்டுகளுக்கும் குறைவான காலத்தில், 3,500 யானைகளுக்குப் பணம் கொடுக்கப்பட்டதாக எமர்சன் டெனன்ட் எழுதினார். அன்றைய அரசு யானைகளை எண்ணியது இந்தக் கொடுப்பனவுக்காகத்தான்.

பின்னர் கணக்கின் நோக்கம் மாறியது. அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சர்வதேச சாசனத்தில் இலங்கை 1979இல் இணைந்தது. உலகெங்கும் பிடிபடும் தந்தங்களை ஒரே தரவுத்தொகுதியில் பதிய 1997இல் உறுப்பு நாடுகள் தீர்மானித்தன.

2012இல் கென்யாவிலிருந்து டுபாய்க்குக் கடத்தப்பட்ட 359 தந்தங்கள் கொழும்புத் துறைமுகத்தில் சிக்கின. எடை ஒன்றரைத் தொன். குறைந்தது 180 யானைகளின் உயிர். அவை தன்சானியா, வட மொசாம்பிக் யானைகளுடையவை என மரபணுச் சோதனை காட்டியது. 2016 ஜனவரி 26இல் காலிமுகத்திடலில் அவை நொறுக்கப்பட்டன.

ஆபிரிக்காவெங்கும் திரட்டிய யானைச் சாணத்தின் மரபணுக்களோடு, பிடிபட்ட தந்தங்களை ஒப்பிட்டது சாமுவேல் வாசரின் ஆய்வுக்குழு. பெருங் கடத்தல்கள் ஒருசில பகுதிகளிலேயே தொடங்குகின்றன என்று 2015இல் அது அறிவித்தது. காவலை எங்கே பலப்படுத்துவது என்பது அதனால் தெளிவாயிற்று.

மலைநாட்டு யானைகளுக்கு இந்தக் கணக்கு காலங்கடந்து வந்தது. எஞ்சியிருப்பவற்றுக்கேனும் அது உரிய நேரத்தில் பயன்பட வேண்டும்.