மலாயாவில் பிள்ளை தத்தெடுத்தல்: மஞ்சள் நீர் முதல் நீதிமன்ற ஆணை வரை

'தத்து' என்னும் சொல் கொடுத்தலை அடியாகக் கொண்டது; 'சுவீகாரம்' என்பது தனதாக்கிக் கொள்ளுதலைக் குறிப்பது. முன்னது பெற்றவர் பக்கம் நின்றும், பின்னது ஏற்பவர் பக்கம் நின்றும் ஒரே நிகழ்வை நோக்குகின்றன. மலாயாத் தமிழர் பேச்சில் இவ்விரண்டினும் இயல்பாக வழங்கிய சொல் 'வளர்ப்பு' என்பதாகும். வளர்ப்புப் பிள்ளை என்னும்போது கொடுத்தலும் கொள்ளுதலும் பின்தங்க, வளர்த்த செயல் ஒன்றே முன்னிற்கிறது. சட்டமோ இவற்றை ஒன்றாகக் கருதுவதில்லை. 1952ஆம் ஆண்டுக்குப் பின், ஒரு பிள்ளை எவ்வழியில் குடும்பத்தினுள் வந்தது என்பதே அதன் வாரிசுரிமையைத் தீர்மானிக்கும் நிலை இந்நாட்டில் உருவாயிற்று. அவ்வழிகள் உருவான வரலாற்றை இக்கட்டுரை நோக்குகிறது.

இங்குக் குடியேறிய தமிழர் ஒற்றை மரபினை உடையவராக இருக்கவில்லை. தரும நூல்வழி வந்த இந்துச் சட்டத்தில் தத்தெடுக்கப்படுபவன் மகனே ஆவான். குலம் தொடர்வதும் நீத்தார் கடன் நிறைவேறுவதுமே அதன் நோக்கம். ஆயினும், நூல்விதி அப்படியே செயற்பட்டதாகக் கொள்ள இயலாது. இராமநாதபுரம் சேதுபதி குடும்ப வழக்கில் 1868ஆம் ஆண்டு பிரிவி கவுன்சில் அளித்த தீர்ப்பு இதற்குச் சான்றாகும். கணவன் அனுமதி அளிக்காது இறந்திருப்பினும், அவனுடைய உறவினரின் இசைவோடு கைம்பெண் தத்தெடுக்கலாம் என்பது தமிழகத்து வழக்காறு என அது ஏற்றது. ஏட்டு விதியைவிட, மெய்ப்பிக்கப்பட்ட வழக்காறு வலியது என்னும் கருத்தும் அத்தீர்ப்பிலேயே இடம்பெற்றது.

யாழ்ப்பாணத்துத் தமிழர் வழி வேறு. ஒல்லாந்தர் ஆட்சியில் 1707ஆம் ஆண்டு தொகுக்கப்பெற்ற தேசவழமையின்படி ஆண், பெண் இரு பாலாரையும் தத்தெடுக்க இடமுண்டு. தத்தெடுக்க விரும்புவோர் தம் உடன்பிறந்தார் முதலிய உரிமையாளரின் சம்மதத்தைப் பெறுதல் வேண்டும். சடங்கில் மஞ்சள் நீர் நிறைந்த கலம் வைக்கப்படும். இசைவோர் அதில் விரல் தோய்ப்பர். இசையாதவருக்கு வரவேண்டிய சொத்துப் பங்கு தத்துப்பிள்ளைக்குச் சேராது. எழுத்தறிவு பரவலாக இல்லாத சமுதாயத்தில் அந்தக் கலமே பத்திரம். சூழ நின்ற ஊராரே சாட்சி. பிள்ளை மீதான அன்பும் சொத்தின் மீதான கணக்கும் ஒரே கலத்தில் கலந்திருந்தன எனலாம்.

மலாயாவிலும் சிங்கப்பூரிலும் நிகழ்ந்த ஒரு வகைத் தத்தெடுப்பு இம்மரபுகள் எதிலும் அடங்கவில்லை. ஜப்பானியர் ஆட்சிக் காலத்தின் வறுமையிலும் அதனை அடுத்த ஆண்டுகளிலும் சீனப் பெண் குழந்தைகள் பலர் தமிழர் இல்லங்களில் வளர்ந்தனர். ஆண் மகவின் மீதான விருப்பமும், புலி ஆண்டில் பிறந்த பெண் குடும்பத்துக்கு ஆகாது போன்ற சோதிட நம்பிக்கைகளும் சீனக் குடும்பங்கள் சில பெண் மகவை விட்டுக்கொடுக்கக் காரணமாயின. 1950ஆம் ஆண்டு அத்தகைய புலி ஆண்டாகும். இப்பெண்கள் தமிழ்ப் பெயர் பெற்றுத் தமிழ் பேசி, தமிழ்ப் பெண்களாகவே வளர்ந்தனர். மகன் அல்லர், உறவினரும் அல்லர். நீத்தார் கடனுக்கும் உரியவர் அல்லர். எனினும் மகளாயினர். தரும நூல்கள் எண்ணிப் பாராத இவ்வழக்கத்தை உருவாக்கியவர்கள் பெரும்பாலும் சாதாரணக் குடும்பங்களைச் சேர்ந்த பெண்கள் என்பது ஆய்வாளர் கவனிக்கத்தக்கது. ஆனால் அங்கு மஞ்சள் நீர்க் கலமும் இல்லை, ஊரார் சாட்சியும் இல்லை. இரு தாய்மாருக்கிடையிலான வாய்ச்சொல்லே ஒப்பந்தமாக இருந்தது.

வாய்ச்சொல்லின் எல்லையை மரியா ஹெர்தோக் வழக்கு வெளிப்படுத்தியது. ஜாவாவில் 1937ஆம் ஆண்டு பிறந்த இச்சிறுமியை அவள் தாய் 1942இல் அமினா என்னும் மாதிடம் ஒப்படைத்தார். நிரந்தரமாகவே கொடுத்தார் என்றார் அமினா. சில காலம் பார்த்துக்கொள்ளவே விட்டேன் என்றார் பெற்ற தாய். சிங்கப்பூர் உயர் நீதிமன்றம் 1950 டிசம்பரில் பெற்றோர் பக்கம் தீர்ப்பளித்தது. தொடர்ந்து மூண்ட கலவரத்தில் 18 பேர் மாண்டனர். சமயமும் காலனித்துவ எதிர்ப்பும் அக்கலவரத்திற்குத் தூண்டுகோலாயின என்பது உண்மையே. ஆயினும் வழக்கின் அடியில் கிடந்த வினா, கொடுத்தல் என்பது எப்போது முழுமையடைகிறது என்பதே. நீரிணைக் குடியேற்றங்களில் 1939ஆம் ஆண்டிலேயே பிள்ளைத் தத்தெடுப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்திருந்தும், மக்கள் பலர் அதன் வாயிலை அணுகவில்லை.

மலாயாக் கூட்டரசு 1952ஆம் ஆண்டு ஒன்றுக்கு இரண்டாகச் சட்டங்களை இயற்றியது. இன்று சட்டம் 257 எனப்படும் தத்தெடுப்புச் சட்டம் நீதிமன்ற வழியாகும். முஸ்லிம்களுக்கு இது பொருந்தாது. விண்ணப்பிப்போரிடம் பிள்ளை குறைந்தது 3 மாதம் தொடர்ந்து வளர்ந்திருத்தல் வேண்டும்; பெற்றவரின் இசைவும் வேண்டும். ஆணை பிறந்ததும் பெற்றவரின் உரிமை அற்றுப்போகும்; பிள்ளை ஏற்றவருக்கு முறைப்படிப் பிறந்ததாகவே கருதப்படும். சட்டம் 253 எனப்படும் தத்தெடுப்புப் பதிவுச் சட்டமோ ஏற்கெனவே நிகழ்ந்துவிட்ட வளர்ப்பைப் பதிவு செய்வது. எல்லாச் சமயத்தாருக்கும் உரியது. 18 வயதுக்குட்பட்ட பிள்ளை 2 ஆண்டுகள் தொடர்ந்து வளர்க்கப்பட்டிருப்பின், தேசியப் பதிவு இலாகாவில் வழக்கறிஞர் இன்றியே விண்ணப்பிக்கலாம். சபாவும் சரவாக்கும் இதன் பொருட்டுத் தனிச் சட்டங்களை உடையவை.

எளிய வழி இரண்டாவதே. ஆனால் அதற்கொரு விலையுண்டு. 1958ஆம் ஆண்டின் சொத்துப் பங்கீட்டுச் சட்டம் 'பிள்ளை' என்னும் சொல்லுக்குத் தரும் வரையறையில், நீதிமன்ற வழியில் தத்தெடுக்கப்பட்டவர் மட்டுமே அடங்குவர். பதிவு வழி வந்த பிள்ளை, வளர்த்தவர் உயில் எழுதாது இறப்பின், வீட்டின் ஈமக்கடனைச் செய்திருப்பினும் அச்சட்டத்தின்படி வாரிசு ஆகாது. பதிவுகூடச் செய்யாத வாய்ச்சொல் வளர்ப்பின் நிலை இதனினும் மோசம். இவ்வேறுபாட்டை அறியாமலே வழியைத் தேர்ந்த குடும்பங்கள் நம்மிடையே உள்ளன; பாகப்பிரிவினையின்போதுதான் உடன்பிறந்தோராக வளர்ந்தவர்கள் சட்டத்தின் கண்ணில் அயலார் என்பது புலனாகிறது. மஞ்சள் நீரில் விரல் தோய்க்காதவனின் பங்கைக் காத்த தேசவழமை, அதனைச் சபையிலேயே வெளிப்படையாகச் செய்தது என்பதை இங்கு ஒப்பிடலாம்.

குடியுரிமை இன்னொரு சிக்கல். தத்தெடுப்பு ஆணை குடியுரிமையைத் தானாகக் கொணர்வதில்லை. பிறந்தவுடன் கைவிடப்பட்டு, மலேசியத் தம்பதியரால் முறைப்படித் தத்தெடுக்கப்பட்ட ஒருவர் குடிமகன் எனக் கூட்டரசு நீதிமன்றம் 2021 நவம்பரில் பெரும்பான்மைத் தீர்ப்பளித்தது. அத்தீர்ப்பு கண்டெடுக்கப்பட்ட குழந்தைகளுக்கான அரசியலமைப்பு விதியைச் சார்ந்தது, தத்தெடுப்பைச் சார்ந்ததன்று. பெற்றவள் இன்னாரெனத் தெரிந்த பிள்ளைக்கு அது தானாகப் பொருந்திவிடாது. தமிழ்ப்பள்ளி ஆசிரியர்கள் முதலாம் ஆண்டுப் பதிவின்போது எதிர்கொள்ளும் ஆவணமற்ற பிள்ளைகளுள் வாய்ச்சொல்லால் வளர்ப்பாக வந்தோரும் இருக்கக்கூடும். பிள்ளையின் பிறப்புப் பத்திரத்தையும், வளர்ப்பவரிடம் இருப்பது 253இன் சான்றிதழா 257இன் ஆணையா என்பதையும் அவர்கள் தனித்தனியே கேட்டறிதல் வேண்டும்.

சிங்கப்பூரில் 1939ஆம் ஆண்டில் வேர்கொண்ட சட்டத்திற்கு மாற்றாக 2022ஆம் ஆண்டின் புதிய சட்டம் 2024 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. அதற்கும் முந்திய வாய்ச்சொல் காலத்தின் மகள்கள் இன்று முதுமை எய்திவிட்டனர். அவர்களைப் பற்றிய எழுத்துச் சான்றுகளை நீதிமன்றக் கோப்புகளில் தேடுவது பெரும்பாலும் வீண். பழைய தமிழ்ப்பள்ளிகளின் சேர்க்கைப் பதிவேடுகள், கோயில் திருமணப் பதிவேடுகள், அவர்களின் வாய்மொழி ஆகியவையே எஞ்சியுள்ள மூலங்கள். இவற்றுள் முதலில் மறையவிருப்பது வாய்மொழி.