ஹெட்ஃபோனின் வரலாறும் வீட்டு ஒலிப்பதிவும்

ஹெட்ஃபோன் என்பது மின்சைகைகளை ஒலியாக மாற்றி, அதை அணிந்திருப்பவரின் காதுகளுக்கு மட்டும் கேட்கச் செய்யும் கருவியாகும். தொலைபேசி நிலையங்களில் தொடங்கி, கடற்படையிலும் வானொலியிலும் வளர்ந்து, இன்று வீட்டிலேயே பாடல் பதிவு செய்வோருக்கு இன்றியமையாத கருவியாகியுள்ளது. கடைகளில் 'ஸ்டுடியோ' என்ற பெயருடன் விற்கப்படும் ஹெட்ஃபோன்கள் அனைத்தும் ஒரே வேலைக்கு உரியவை அல்ல. ஒவ்வொரு வகையும் ஒரு தனித் தேவைக்காக உருவானது. அந்தத் தேவையை அறிந்துகொண்டால், எதை வாங்குவது என்ற குழப்பம் பெருமளவு தீரும்.

தொடக்க காலம்

1880களில் தொலைபேசி நிலையப் பணியாளர்களுக்காக எஸ்ரா கில்லிலாண்ட் என்பவர் ஒரு கேட்புக் கருவியை அமைத்தார். தோளில் தாங்க வேண்டிய அக்கருவி சுமார் 10 பவுண்டு எடை கொண்டது. அதில் ஒரு காதுக்கு மட்டுமே கேட்கும் வசதி இருந்தது.

இரு காதுகளாலும் கேட்கும் அனுபவம் 1881இல் பாரிசில் நடந்த மின்சாரக் கண்காட்சியில் கிடைத்தது. பிரெஞ்சுப் பொறியாளர் கிளெமான் அதேர், பாரிஸ் ஓப்பரா மேடையில் தொலைபேசி ஒலிவாங்கிகளை வைத்து, அவற்றைக் கம்பி வழியே கண்காட்சி அரங்குடன் இணைத்தார். பார்வையாளர்கள் காதுக்கு ஒன்றாக இரண்டு கேட்பான்களைப் பிடித்துக்கொண்டு இசையைக் கேட்டனர். பாடகர் மேடையில் எப்பக்கம் நிற்கிறார் என்பதைக்கூட அவர்களால் உணர முடிந்தது. பின்னர் வந்த ஸ்டீரியோ ஒலிக்கு இதுவே முன்னோடி எனலாம்.

சமையலறையில் உருவான கருவி

தலையில் அணியும் இன்றைய வடிவத்துக்கு வழிகாட்டியவர் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தைச் சேர்ந்த நத்தானியேல் பால்ட்வின். 1910இல் அவர் தாம் செய்த ஹெட்ஃபோனை அமெரிக்கக் கடற்படைக்கு அனுப்பினார். மிக மெல்லிய வானொலிச் சைகைகளும் அதில் தெளிவாகக் கேட்டதால், கடற்படை கூடுதலாக வாங்க முன்வந்தது. ஆனால் பால்ட்வின் தம் வீட்டுச் சமையலறையில் வேலை செய்துவந்ததால், ஒரு நேரத்தில் 10 கருவிகளை மட்டுமே செய்து தர முடிந்தது.

அக்கால ஹெட்ஃபோன்கள் செய்தியைப் புரிந்துகொள்ளப் போதுமானவையாக இருந்தன. இசைக்கு ஏற்றவையாக இல்லை. 1937இல் ஜெர்மனியின் பேயர் நிறுவனம் வெளியிட்ட டிடி 48 இந்நிலையை மாற்றியது. காந்தப்புலத்தில் அசையும் கம்பிச்சுருள் ஒரு மெல்லிய சவ்வை அதிரச் செய்யும் 'டைனமிக்' முறையில் அது இயங்கியது. இன்று விற்பனையாகும் பெரும்பாலான ஹெட்ஃபோன்கள் இம்முறையிலேயே இயங்குகின்றன.

1958இல் அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் ஜான் கோஸ் தம் எஸ்பி/3 என்ற ஸ்டீரியோ ஹெட்ஃபோனை அறிமுகப்படுத்தினார். அதன்பிறகே ஹெட்ஃபோன் பொதுமக்கள் இசை கேட்கும் கருவியாகப் பரவியது.

மூடிய வகையும் திறந்த வகையும்

1968 வரை ஹெட்ஃபோன்கள் காதை மூடி அடைப்பவையாகவே இருந்தன. அவ்வாண்டு ஜெர்மனியின் சென்ஹைசர் நிறுவனம் எச்டி 414ஐ வெளியிட்டது. அதன் பின்புறம் திறந்திருந்தது. மஞ்சள் நிறப் பஞ்சுறை காதின் மேல் லேசாகப் படிந்தது. சவ்வின் பின்பக்க ஒலி கிண்ணத்துக்குள் மோதித் திரும்பாமல் வெளியேறியதால், இசை இயல்பாக ஒலித்தது. இதிலிருந்தே இன்றுள்ள இரு பெரும் பிரிவுகள் தோன்றின.

மூடிய வகையில் ஒலி வெளியே கசிவது குறைவு. பாடகர் பின்னணி இசையை ஹெட்ஃபோனில் கேட்டுக்கொண்டே பாடும்போது, அந்த இசை ஒலிவாங்கியில் புகுந்துவிடக் கூடாது. எனவே பாடும்போதும் வாசிக்கும்போதும் மூடிய வகையே ஏற்றது. சோனி எம்டிஆர்-7506, பேயர்டைனமிக் டிடி 770 ஆகியவை இவ்வகையில் பல ஆண்டுகளாக ஒலிப்பதிவுக் கூடங்களில் பயன்படுபவை.

திறந்த வகையில் ஒலி கசியும்; வெளிச்சத்தமும் உள்ளே வரும். ஆனால் ஒலியின் இடமும் ஆழமும் நன்கு புலப்படும். பதிவான குரலையும் கருவிகளையும் அளவறிந்து சேர்க்கும் ஒலிக்கலவைப் பணிக்கு (மிக்சிங்) இது உகந்தது. சென்ஹைசர் எச்டி 600, பேயர்டைனமிக் டிடி 990 ஆகியவை இவ்வகையின. ஏகேஜி கே240 போன்ற பாதி திறந்த வகைகளும் உண்டு.

வீடே ஒலிப்பதிவுக் கூடமாதல்

முன்பே பதிவான இசையைக் கேட்டபடி அதன்மேல் புதிய பதிவைச் சேர்க்கும் முறையை, 1940களில் தம் வீட்டு வாகனக் கொட்டகையில் வளர்த்தெடுத்தவர் அமெரிக்க கிட்டார் கலைஞர் லெஸ் பால். 1979இல் வந்த டாஸ்காம் போர்ட்டாஸ்டுடியோ 144, சாதாரண ஒலிநாடாவில் நான்கு தடங்களைப் பதியும் வசதியைத் தந்தது. புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன் 1982இல் வெளியிட்ட 'நெப்ராஸ்கா' இசைத்தொகுப்பு, அக்கருவியில் அவர் வீட்டிலேயே மாதிரிக்காகப் பதிந்த பாடல்களைக் கொண்டதாகும். பின்னர் அந்த நான்கு தடங்களின் இடத்தைக் கணினி பிடித்துக்கொண்டது.

ஹெட்ஃபோனில் ஒலிக்கலவை: மூன்று இடர்கள்

தொழில்முறைப் பொறியாளர்கள் நீண்டகாலம் ஒலிபெருக்கியையே நம்பியதற்குக் காரணங்கள் உண்டு.

முதலாவது, ஒலிபெருக்கியில் கேட்கும்போது இடப்பக்க ஒலி சற்றே தாமதமாகவும் மெலிந்தும் வலக்காதையும் அடையும். ஹெட்ஃபோனில் இது நிகழாது. அதனால் ஒலிகளின் இடைவெளி மிகையாகத் தோன்றும். இதைச் சரிசெய்ய, இரு பக்க ஒலிகளையும் சிறிதளவு கலக்கும் மின்சுற்று ஒன்றை 1961இலேயே பெஞ்சமின் பவர் முன்மொழிந்தார். இன்று அதே வேலையைச் செய்யும் மென்பொருள்கள் கிடைக்கின்றன.

இரண்டாவது, ஹெட்ஃபோனில் நுண்ணொலிகள் மிகத் தெளிவாகக் கேட்கும். எதிரொலி போதுமானது என்று எண்ணிக் குறைவாகச் சேர்த்துவிடுவோம். ஒலிபெருக்கியில் அது வறண்டு ஒலிக்கும். தாழ்ந்த சுருதி ஒலிகளை உடல் உணராததால் அவற்றின் அளவும் தவறக்கூடும்.

மூன்றாவது, 'சமநிலை ஒலி' என்ற விளம்பரச் சொல். நமது புறச்செவியும் செவிக்குழாயும் 3,000 ஹெர்ட்ஸை ஒட்டிய ஒலிகளை இயற்கையாகவே உயர்த்துகின்றன. ஹெட்ஃபோன் இதை ஈடுசெய்ய வேண்டும். எவ்வளவு ஈடுசெய்வது என்பதற்கு 1980களில் ஜெர்மானிய ஆய்வாளர் குந்தர் தைல ஒரு முறையை வகுத்தார்; 2013இல் ஷான் ஆலிவும் குழுவினரும் கேட்போரின் விருப்பத்தை ஆராய்ந்து வேறோர் அளவுகோலைத் தந்தனர். ஆகவே சமநிலை என்பதற்கு எல்லாரும் ஏற்ற ஒரே பொருள் கிடையாது. எந்த ஹெட்ஃபோனும் முற்றிலும் உண்மை பேசுவதில்லை. அது எங்கே கூட்டுகிறது, எங்கே குறைக்கிறது என்பதைப் பயன்படுத்துபவர் பழகி அறிய வேண்டும்.

தேர்ந்தெடுக்கும் முறை

ஒன்று மட்டுமே வாங்க இயலுமானால், ஒலிவாங்கி முன் பாடவோ வாசிக்கவோ செய்பவர் மூடிய வகையை வாங்குவதே நலம். கசியாத ஹெட்ஃபோனில் ஒலிக்கலவையும் ஓரளவு செய்யலாம். கசியும் ஹெட்ஃபோனுடன் நல்ல குரல்பதிவு செய்வது கடினம். கணினியிலேயே இசையமைப்பவருக்குத் திறந்த வகை பொருந்தும். ஆனால் மின்விசிறி ஓடும் அறையிலும் தெருவோர வீட்டிலும் அதன் பயன் குறையும்.

அடுத்துப் பார்க்க வேண்டியது ஓம் அளவில் குறிக்கப்படும் மின்னெதிர்ப்பு. 32 முதல் 80 ஓம் வரையுள்ளவை கைபேசியிலும் சிறிய ஒலி இடைமுகத்திலும் பொதுவாக நன்கு ஒலிக்கும். 250 ஓம், அதற்கு மேற்பட்டவற்றுக்குத் திறனுள்ள பெருக்கி தேவைப்படலாம். ஓம் கூடினால் தரமும் கூடும் என்பது தவறான எண்ணம்.

கம்பியில்லா புளூடூத் வகை ஒலிப்பதிவுக்கு ஏற்றதன்று. அதில் ஒலி பெரும்பாலும் ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்குக்கும் மேல் தாமதமாக வருவதால் தாளம் தவறிவிடும். கழற்றி மாற்றக்கூடிய காதுறையும் கம்பியும் உள்ளதா என்றும் பார்க்க வேண்டும்; முதலில் பழுதாவது அவையே.

வாங்கிய பின், நன்கு அறிந்த சில பாடல்களை அதில் பலமுறை கேட்டுப் பழகுவது அவசியம். முடித்த பாடலைக் கைபேசியின் ஒலிபெருக்கியிலும் வீட்டு ஒலிபெருக்கியிலும் கேட்டு ஒப்பிட்டால் பிழைகள் தெரியும்.

செவி நலம்

ஒலியைக் கூட்டினால் எந்தப் பாடலும் சிறப்பாகத் தோன்றும். எனவே உரத்துக் கேட்டு எடுக்கும் முடிவுகள் பெரும்பாலும் பிழைபடும். காதுக்கும் அது கேடு. பெரியவர்கள் வாரத்துக்கு 40 மணி நேரம் 80 டெசிபல் வரை கேட்கலாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல். ஒலி 3 டெசிபல் கூடினால் கேட்கும் நேரத்தைப் பாதியாகக் குறைக்க வேண்டும். ஹெட்ஃபோன் பழுதானால் வேறொன்று வாங்கலாம். உள்செவியில் அழிந்த மயிரணுக்கள் மனிதரில் மீண்டும் வளர்வதில்லை.