கரையில் ஊன்றிய குடை

குடையின் வரலாற்றை எழுதப் புகுவோர் பெரும்பாலும் அதன் துணியையும் கம்பியையும் பற்றியே எழுதுவர். அவற்றினும் பழமையான வினா ஒன்றுண்டு. குடையைப் பிடிப்பவர் யார் என்பதே அது. தூண்டிலோடு நீர்க்கரையில் அமர்வோர்க்கு எக்குடை ஏற்றது என்று ஒரு நண்பருக்காகத் தேடப் புகுந்தபோதுதான் இவ்வினாவின் பொருள் எனக்கு விளங்கிற்று.

நம் மூவேந்தரின் வெண்கொற்றக்குடை மழைக்கோ வெயிலுக்கோ விரித்ததன்று. குடிகளைக் காக்கும் அருளின் அடையாளம் அது. பண்டைய அசீரியரின் கற்சிற்பங்களிலும் அரசன் தலைமேல் குடை நிழற்றக் காண்கிறோம். 1674-இல் இராயகடத்தில் முடிசூடிய சிவாஜி, குடைக்கு உரியவர் என்னும் பொருள்பட ‘சத்ரபதி’ எனப் பெயர் பூண்டார். ஆயினும் அரசர் தம் குடையைத் தாமே சுமப்பதில்லை. அதைப் பிடிக்கப் பின்னே ஓர் ஏவலன் நின்றான்.

உழைப்பவனுக்கு ஏது ஏவலன்? நாற்று நடுவோர்க்கும் வலை இழுப்போர்க்கும் இரு கைகளும் வேண்டும். ஆகவே அவர்தம் குடை தலைமேல் ஏறி அமர்ந்தது. கேரளத்தில் பனையோலையும் மூங்கிலும் கொண்டு முடைந்த தொப்பிக்குடை, அசாமில் ஜாபி, கொங்கணத்து வயல்களில் தலையையும் முதுகையும் சேர்த்து மூடும் இர்லா ஆகிய யாவும் இத்தேவையிற் பிறந்தவையே. பணியின் நிமித்தம் பல மாநிலங்களிலும் வாழும் நம்மவர் இவற்றுள் ஒன்றையேனும் கண்டிருப்பர்.

தூண்டிற்காரரின் நிலையோ வேறு. அவர் ஓரிடத்திலேயே பல நாழிகை அமர்ந்திருப்பவர். தலைக்குடை அவர் தலையை நனையாமற் காக்கும். மடியையும் இரைப்பெட்டியையும் காவாது. இங்கிலாந்தில் ஐசக் வால்டன் 1653-இல் வெளியிட்ட புகழ்பெற்ற தூண்டில் நூலில், மழை வந்ததும் மாந்தர் பூங்கொடி படர்ந்த வேலியோரம் ஒதுங்குகின்றனர். அந்நாளில் அந்நாட்டு ஆடவர் குடை பிடிக்கும் வழக்கம் இல்லை. ஏறக்குறைய நூறாண்டு கழித்து ஜோனாஸ் ஹான்வே என்பவர் இலண்டன் தெருக்களில் குடையோடு நடந்தபோது வண்டிக்காரர்கள் அவரை எள்ளி நகையாடினர். மழையில் நனையாது செல்லும் வழி பிறந்தால் தம் வண்டிக்குக் கூலி குறையும் என்ற அச்சமும் அவர்க்கு இருந்திருக்கும்.

அக்காலக் குடைகள் திமிங்கிலத்தின் வாய்த்தகடுகளாலான கம்பிகளும் எண்ணெய் ஊட்டிய துணியும் கொண்டவை, நனைந்தால் பெருஞ்சுமை. 1852-இல் சாமுவேல் ஃபாக்ஸ், குழிவான வடிவுடைய மெல்லிய எஃகுக் கம்பியைக் குடைக்குப் பயன்படுத்தினார். எடை குறைந்தது, உறுதி கூடிற்று. இருபதாம் நூற்றாண்டில் அகன்ற குடையின் காம்பைக் கூராக்கிக் கரைமண்ணில் ஊன்றும் முறை தூண்டிற்காரரிடையே பரவியது. ஏவலன் பிடித்ததை, பின்னர் உடையவனே பிடித்ததை, இப்போது மண் பிடித்துக்கொண்டது. 1952-இல் ரிச்சர்டு வாக்கர் ரெட்மயர் குளத்தில் 44 பவுண்டு எடையுள்ள கெண்டையின மீனைப் பிடித்தார். அத்தகைய மீனுக்காக இரவெல்லாம் காத்திருக்கும் ஆர்வம் பின்னாளிற் பெருகவே, குடையின் ஓரங்களில் திரைகள் சேர்ந்தன. நாளடைவில் அது சிறு கூடாரமாகவே வளர்ந்தது.

இனி நண்பரின் கதைக்கு வருகிறேன். கொல்கத்தாவில் என்னுடன் பணியாற்றிய மூத்தவர் அவர். ‘தாதா’ என்றே அனைவரும் அழைப்போம். ஞாயிறுதோறும் நாட்சீட்டு வாங்கிக் குளக்கரையில் அமர்ந்து ரோகுக்கும் கட்லாவுக்கும் தவங்கிடப்பார். பழைய கறுப்புக் குடையை மூங்கிற் கழியில் கட்டி வைத்திருந்தார். பணி ஓய்வுக்கு முன் நல்ல குடையொன்று வாங்கித் தருமாறு கேட்டார்.

விசாரித்து அறிந்தவற்றைச் சொல்கிறேன். 45 அங்குலம், 50 அங்குலம் என்று விற்பவர் கூறுவது பெரும்பாலும் குடையின் குறுக்களவன்று; கம்பியின் நீளமே. கண்ணாடி இழைக் கம்பி வளைந்து நிமிரும், மின்சாரத்தையும் கடத்தாது. காம்பின் நடுவே சாய்க்கும் மூட்டு இருப்பின், குடையின் முதுகைக் காற்றுக்குக் காட்டித் தாழ்வாக அமைக்கலாம். ஓரங்களில் கயிறும் முளையும் பூட்ட வளையங்கள் வேண்டும். ஏனெனில் குடையின் பகை மழையன்று, காற்றே. புறநகர் இரயிலில் தோளில் சுமக்கவியலாத குடை எத்துணை அகலமாயினும் வீட்டிலேயே தங்கிவிடும்.

இத்தனையும் பார்த்து வாங்கினோம். முளையடிக்க மட்டும் சோம்பினோம். 2014-ஆம் ஆண்டு சித்திரை மாதம். வங்காளத்தார்க்கு அது பைசாக் மாதம். மாலை வேளையில் ‘கால்பைசாகி’ எனும் இடிமழைக் காற்று எழும் பருவம். வடமேற்கு வானம் கறுத்தது. ஒரே வீச்சில் குடை தலைகீழாகப் புரண்டு நீர்விளிம்பிற்கு உருண்டது. தாதா அதன் பின்னே ஓடினார். புதுக்குடை, விலை கொடுத்து வாங்கியது, யாருக்குத்தான் மனம் வரும்? தேநீர்க் கடைக்காரர் கூவிய கூச்சலில் நான் அவர் கையைப் பற்றி இழுத்துக்கொண்டு எதிரிலிருந்த கட்டடத்துக்குள் நுழைந்தேன். சிறிது நேரத்தில் எதிர்க்கரைத் தென்னையொன்றின் தலையில் இடி இறங்கியது. அதன் பின் வெகுநேரம் தாதா வாய் திறக்கவில்லை.

மழை விட்டபின் குடையை மீட்டோம். இரண்டு கம்பிகளே முறிந்திருந்தன. பழுது பார்த்து இன்றும் அதனையே அவர் பயன்படுத்துகிறார். ஆயின் முதல் இடியோசை கேட்டதும் தூண்டிலையும் குடையையும் போட்டது போட்டபடி விட்டெழுந்து கட்டடத்துள் சென்றுவிடுகிறார். மரத்தடியும் கூடாரமும் இடிக்குக் காப்பல்ல என்பதையும், கரிமஇழைத் தூண்டிற்கோல் மின்சாரத்தைக் கடத்தும் என்பதையும் புதிதாக வரும் இளைஞர்க்கு அவரே சொல்லிக் கொடுக்கிறார்.

குடையைப் பிடிப்பவர் யார் என்று தொடங்கினேன். ஏவலன் பிடித்தான், உழைப்பாளி தலையில் ஏற்றினான், தூண்டிற்காரர் மண்ணில் ஊன்றினார். அதை விட்டுவிட்டு எழவேண்டிய வேளை எது என்பதையும் அறிந்தவர்க்கே அது காப்பாகிறது. தாதாவின் மனைவியார் அன்றிரவு என் இல்லத்துக்கு அனுப்பிய மீன்குழம்பு, நாங்கள் பிடித்த மீனில் ஆக்கியதன்று, சந்தையில் வாங்கியது. ஆயினும் அதன் சுவையை நான் இன்றும் மறந்தேனில்லை.