சாணிக்குள் இருந்த அடுத்த வருஷம்

திண்டுக்கல் சமவெளியில் வீட்டுத் தோட்டத்தின் அடுத்த ஆண்டுத் திட்டத்தை யாரும் தாளில் எழுதி வைத்ததில்லை. அது கொல்லைச் சுவரில் இருந்தது. பூசணி, பாகல், பீர்க்கு விதைகளைப் பசுஞ்சாணியில் புதைத்து, விராட்டிபோலத் தட்டிச் சுவரில் அறைந்து காய விடுவார்கள். கத்தரி விதைக்குச் சாம்பல். சுரை விதைக்கு முற்றிக் காய்ந்த சுரைக்குடுக்கையே பெட்டி. ஆடி பிறக்கும்போது எலிக்கும் வண்டுக்கும் தப்பி மிஞ்சிய விதை எவ்வளவோ, அவ்வளவு கொடிதான் அந்த வருஷம். ஆசைக்கு அதிலேயே ஒரு வரம்பு விழுந்துவிடும்.

அடுத்த வரம்பைப் போட்டது தண்ணீர். மேற்கே பழனி மலை, கிழக்கே சிறுமலை. தென்மேற்குப் பருவமழையில் பெரும்பகுதி மலைக்கு அந்தப் பக்கமே கொட்டித் தீர்ந்துவிட, சமவெளிக்கு ஆடிக் காற்றுதான் மிச்சம். ஆண்டு மழை 800 மி.மீ. சுமாருக்கு, அதிலும் பாதியை ஒட்டி ஐப்பசி, கார்த்திகையைச் சுற்றிப் பெய்துவிடும். 1866இல் நகராட்சியான ஊர், குடிநீருக்கே ஆத்தூர் காமராசர் அணையைப் பார்த்துக் காத்திருக்க வேண்டியிருந்தது. தோட்டத்துக்கென்று தனியாகத் தண்ணீர் ஏது? துவைக்கிற கல்லை ஒட்டி வாழை, குளியல் தண்ணீர் ஓடும் வாய்க்காலில் சேம்பு, பாத்திரம் கழுவும் இடத்தில் கறிவேப்பிலை. வீட்டில் எத்தனை பேர் குளிக்கிறார்கள் என்பதை வைத்துத்தான் எத்தனை வாழைக்கன்று என்பது முடிவானது.

மூன்றாவது வரம்பு பட்டம். இதில் அவரைக் கொடியின் கதை தனி. நாட்டு அவரைக்குப் பூக்கப் பகல் குறுக வேண்டும். ஆடியில் ஊன்றினால் மழையில் பந்தலேறி, மார்கழி, தை மாதங்களில் கொத்துக் கொத்தாகக் காய்க்கும். அதே விதையைத் தையில் ஊன்றினால் பகல் நீளும் காலம்; கொடி ஓடும், தழை மண்டும், காய் மட்டும் இருக்காது. பகல் நீளத்தைப் பொருட்படுத்தாத குத்து அவரை ரகங்களைக் கோவை வேளாண் பல்கலைக்கழகம் தரும் வரைக்கும் ஆடியை விட்டால் அவரை இல்லை. தையில் கையிருப்பது கிணற்றின் கடைசித் தண்ணீர். சித்திரையில் கிணறு வற்றுமுன் பறித்து முடித்துவிட வேண்டும் என்பதால் அந்தப் பட்டத்துக்குக் கீரைதான் சரி. சிறுகீரை 25 நாளில் கைக்கு வந்துவிடும்.

கொல்லை இப்படித் தன் வரம்புக்குள் நடந்த காலத்தில், அரசாங்கத்திடமிருந்து வேறு வகை இலக்குகள் வந்துகொண்டிருந்தன. போர்க்காலப் பஞ்சத்தில், 1943 வாக்கில், அதிக உணவு விளைவிக்கும் இயக்கம் தொடங்கியது. பங்களாப் புல்வெளியைக்கூடக் காய்கறிப் பாத்தியாக்கச் சொன்னார்கள். 1951க்குப் பிறகு உணவு இறக்குமதியே கிடையாது என்று 1949இல் நேரு அறிவித்தார். 1951இல் இறக்குமதியானதோ 40 லட்சம் டன்னுக்கும் மேல். எங்கே பிசகியது என்று பார்க்க அமைத்த குழுவுக்குத் தலைவர் வி. டி. கிருஷ்ணமாச்சாரி, திண்டுக்கல்லுக்கு அடுத்த கரூர்ப் பக்கத்து வாங்கலில் பிறந்தவர். கிராமத்து வாழ்க்கையை முழுசாகப் பார்க்காமல் விளைச்சலை மட்டும் தனியாகப் பிடித்து இழுத்தால் அது நிலைக்காது என்பது 1952இல் வந்த அந்த அறிக்கையின் சாரம். கொல்லைப்புறத்துப் பெண்களைக் கேட்டிருந்தால் குழு போடாமலே சொல்லியிருப்பார்கள்.

முழுசாகப் பார்க்கும் முயற்சி ஒன்று சின்னாளபட்டிக்குப் பக்கத்திலேயே நடந்துகொண்டிருந்தது. டாக்டர் சௌந்தரமும் ஜி. ராமச்சந்திரனும் 1947 அக்டோபரில் தொடங்கிய காந்திகிராமத்தில் பள்ளி, மருத்துவம், கைத்தொழில், குப்பைக்குழி உரம் எல்லாம் ஒரே பாடம். 1960களில் யூனிசெஃப் உதவியோடு நாடு முழுக்கப் பரவிய ஊட்டச்சத்துத் திட்டம், வீட்டுத் தோட்டத்தையும் பள்ளித் தோட்டத்தையும் முன்னால் நிறுத்தியது. நல்ல எண்ணம்தான். ஆனால் விதைப் பொட்டலத்தோடு தண்ணீர் வராதே.

இருந்த தண்ணீருக்கும் கேடு வந்தது. திண்டுக்கல்லின் பேர்போன தோல் தொழிலின் கழிவு நிலத்தடியில் இறங்கியது. தொழிற்சாலைகளைச் சுற்றிக் கிணறுகள் உப்புக் கரித்தன. வேலூர்க் குடிமக்கள் நல மன்ற வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், திண்டுக்கல் உள்ளிட்ட ஐந்து மாவட்டங்களின் ஒவ்வொரு தோல் தொழிற்சாலைக்கும் 10,000 ரூபாய் அபராதம் விதித்தது. உப்பேறிய மண்ணில் அவரையை நினைக்கவே முடியாது.

இந்தத் தண்ணீர்த் தட்டுப்பாட்டுக்கு ஏற்ற ஒரு பதில் அக்கம்பக்கத்திலிருந்தே கிடைத்தது. பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி 1989இல் வெளியிட்ட பி.கே.எம்.-1 செடி முருங்கை, போத்து நட்டு வளர்க்க வேண்டியதில்லை; விதை போட்டால் ஆறாம் மாதம் காய். ஒட்டன்சத்திரம் சந்தைக்கு முருங்கை குவிய அதுவும் ஒரு காரணம். கொல்லையில் ஒரே மரம் நின்றாலும் வருஷத்துக்கு 200 காய்க்குக் குறையாது. குடும்பம் தின்று, அண்டை வீட்டுக்கும் கொடுக்கலாம்.

ஒரு குடும்பத்தின் காய்கறித் தேவைக்கு 200 சதுர மீட்டர், அதாவது ஐந்து சென்ட், வேண்டுமென்று வேளாண் பல்கலைக்கழகம் சொல்கிறது. 2014இல் மாநகராட்சியான திண்டுக்கல்லில் வீடு, வாசல், படிக்கட்டு எல்லாம் சேர்த்தே பல பேருக்கு அதில் பாதி இடம் கிடையாது. அதனால் தரையில் ஒரு முருங்கை, ஒரு கறிவேப்பிலை. மொட்டை மாடித் தொட்டிகளில் கீரையும் நாலு மிளகாய்ச் செடியும். சித்திரையில் தொட்டிகளைக் காயப் போட்டுவிட்டு, ஆடிக்கு மண்ணைக் கிளறி எரு போடுகிறார்கள்.