பழனி மலை மண்ணும் தோல் வணிகர் கல்லூரிகளும்

கொடைக்கானல் ஓய்வுக்கென்றே பிறந்த ஊர். சமவெளியின் வெப்பத்துக்கும் நோய்க்கும் அஞ்சிய அமெரிக்க மிஷனரிமார் 1845இல் அங்கு வீடு கட்டினர். மதுரைக் கலெக்டராயிருந்த லெவிஞ்ச், 1863இல் ஓடைகளை மறித்து ஏரி அமைத்தார். இன்று கல்லூரிகள் சுற்றுலா மேலாண்மை, பொழுதுபோக்கு மேலாண்மை எனப் பெயரிட்டுக் கற்பிக்கும் கலை, பாடத்திட்டம் தோன்றுமுன்பே அம்மலையில் தொழிலாக வேரூன்றியிருந்தது. 1984இல் அன்னை தெரசா மகளிர் பல்கலைக்கழகம் நிறுவப்பட்டபோது உயர்கல்வியும் மலையேறிற்று.

சமூகவியலுக்கும் அங்கு முன்வரலாறு உண்டு. பளியர் வாழ்க்கை பற்றி இயேசு சபைத் துறவி டாமன் 1908இல் எழுதினார். மலையின் கற்திட்டைகள் பற்றிய ஆங்லேட், நியூட்டன் இருவரின் நூல் 1928இல் வெளிவந்தது.

கேட்பாரற்றுக் கிடந்தது மண்தான். பழனி மலையின் மேற்பரப்பு இயல்பில் புல்வெளியும், பள்ளங்களில் ஒடுங்கிய சோலைக்காடும் ஆகும். மழைநீரை உறிஞ்சி வைத்து, வடக்கே பொருந்தலாற்றுக்கும் குதிரையாற்றுக்கும், தெற்கே மஞ்சளாற்றுக்கும் சிறுகச் சிறுக விடுவது அந்தப் புல்லும் அதன் அடிமண்ணுமே. ஆயினும் மரம் இல்லாத நிலம் வீண்நிலம் என்பதே காலனிய வனத்துறையின் கணக்கு. விடுதலைக்குப் பின்னும் அக்கணக்கு மாறவில்லை. யூக்கலிப்டஸ், பைன் ஆகியவற்றோடு, மக்கள் சீகை என்றழைக்கும் வாட்டில் மரமும் புல்வெளியில் நடப்பட்டது.

வாட்டில் எதற்கு? இங்கேதான் மலையின் வரலாறு நம் சமுதாய வரலாற்றைத் தொடுகிறது. வாணியம்பாடியிலும் ஆம்பூரிலும் மலையடிவாரத் திண்டுக்கல்லிலும் தோல் பதனிட முதலில் ஆவாரம்பட்டையே பயன்பட்டது. பிறகு தென்னாப்பிரிக்காவிலிருந்து வாட்டில்பட்டை வந்தது. இறக்குமதிக்கு மாற்றாக அம்மரத்தை நம் மலைகளிலேயே வளர்க்க முனைந்தனர். தோல் வணிகத்தில் முன்னின்றோரில் தமிழ் முஸ்லிம்கள் பலர். அவர்கள் ஈட்டிய பொருளின் ஒரு பகுதி கல்வியாக மாறியது. வாணியம்பாடி இஸ்லாமியாக் கல்லூரி (1919), சென்னைப் புதுக்கல்லூரி (1951) ஆகியவை அவ்வள்ளன்மையின் சான்றுகள். தோல் வணிகரும் கொடையாளருமான அப்துல் ஹக்கீம் சாஹிபின் பெயரில் மேல்விஷாரத்தில் 1965இல் ஒரு கல்லூரி எழுந்தது. இக்கொடையின் பெருமையை யாரும் மறுக்க இயலாது. ஆனால் பட்டை உரித்த மரம் எந்த மண்ணில் நின்றது என்ற வினாவுக்கு அக்கல்லூரிகளில் துறை இருக்கவில்லை. வணிகவியலும் வேதியியலும் இருந்தன. மண்ணியல் வேளாண் கல்லூரிகளின் தனிச்சொத்தாக ஒதுங்கி நின்றது.

இப்பிரிவினை நம் அறிவு மரபுக்குப் புதிது. ஹிஜ்ரி ஐந்தாம் நூற்றாண்டின் தொலைதோ நகரத்து இப்னு பஸ்ஸால் மண்ணைப் பத்து வகையாகப் பிரித்து, ஒவ்வொன்றின் குணத்தையும் எழுதினார். 1377இல் முகத்திமாவை எழுதிய இப்னு கல்தூன், தட்பவெப்பத்தையும் உணவின் செழிப்பையும் வறட்சியையும் மனித சமூக இயல்போடு ஒரே நூலில் வைத்து ஆராய்ந்தார். மண்ணையும் மக்களையும் வெவ்வேறு கட்டடங்களில் பூட்டி வைக்கும் வழக்கம் அவர்களுக்குத் தெரியாது.

1970களில் அரசு, அரைகுறையாகப் பதனிட்ட தோலின் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தி, முழுமையான தோற்பொருள்களை ஊக்குவித்தது. குரோமியப் பதனிடல் ஓங்கியது. பட்டையின் தேவை குறைந்தது. வாட்டில் மட்டும் குறையவில்லை. அதன் விதை மண்ணுக்குள் பல்லாண்டுகள் உறங்கிக் கிடந்து முளைக்கவல்லது. 1973க்கும் 2014க்கும் இடையில் பழனி மலைப் புல்வெளியில் மூன்றில் இரண்டு பங்கு மரத்தோட்டங்களுக்கும் விவசாயத்துக்கும் இரையானதாகச் செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு 2018இல் வெளியான ஆய்வு கூறுகிறது. தொழிலின் மறுமுனையில், பாலாற்றங்கரை மண்ணும் நீரும் கெட்ட வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996இல் தீர்ப்பளித்தது. பட்டையின் காலம் மலைமண்ணைப் பாதித்தது. குரோமியத்தின் காலம் ஆற்றுமண்ணைப் பாதித்தது. கொடைக்கானலிலேயே இயங்கி 2001இல் மூடப்பட்ட வெப்பமானித் தொழிற்சாலை மண்ணில் விட்டுச்சென்ற பாதரசம் வேறொரு நெடிய கதை.

வாட்டிலை வெட்டியகற்றும் பணி இப்போது நடைபெறுகிறது. அதிலும் ஒரு சிக்கல்: சில இடங்களில் அம்மரங்களின் நிழலிலேயே சோலைக்காட்டுக் கன்றுகள் முளைத்து வளர்ந்திருக்கின்றன. அவற்றை விட்டுவைப்பதா, புல்லுக்காக வெட்டுவதா என்று அறிஞரிடையே கருத்து வேறுபாடு நிலவுகிறது.