ஆளுநரின் முழுஉருவப் படமும் உத்திரமேரூரின் நிலவரியும்

சென்னை மாகாணத்தை ஆண்ட ஆங்கிலேயரின் முழுஉருவ ஓவியங்களைக் கலை வரலாறு பெரும்பாலும் ஓவியரின் பெயரைக் கொண்டே வகைப்படுத்துகிறது. படத்தில் நிற்பவரின் ஆணை ஓர் ஊரின் நிலத்தை எப்படி எட்டியது என்ற கேள்வியோடு அவற்றை வாசிக்க முயல்கிறது இக்கட்டுரை. ஆள்பவரின் உருவம் இடம்பெறாத பழைய பதிவும் பின்னாளைய கம்பெனி வரிமுறையும் ஒருசேரக் கிடைப்பதால் உத்திரமேரூர் வட்டாரம் இதற்குப் பொருத்தமான களம்.

பெயர் உண்டு, உருவம் இல்லை

முதலாம் பராந்தகன் காலத்து 919, 921-ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள் உத்திரமேரூர்ச் சபைக்குக் குடத்திலிட்ட ஓலைகளிலிருந்து உறுப்பினரைத் தேர்ந்த குடவோலை முறையை விரிவாகச் சொல்கின்றன. 30 குடும்புகள் (ஊர்ப் பிரிவுகள்), 35 முதல் 70 வரையான வயது வரம்பு, கணக்குக் காட்டாதவருக்கும் அவர் உறவினருக்கும் தடை என நிபந்தனைகளே அங்கு முதன்மை. மன்னன் அவற்றில் உருவமின்றிப் பட்டப்பெயராகவும் ஆட்சியாண்டாகவும் மட்டுமே இடம்பெறுகிறான்.

1802: மண்டபமும் ஏலமும்

ஆற்காட்டு நவாப் முகமது அலி 1763-இல் செங்கல்பட்டு ஜாகிரை (வருவாய் உரிமைப் பகுதியை) ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு அளித்தார்; உத்திரமேரூர் அதற்குள் அடங்கியது. மூன்றாம் மைசூர்ப் போரில் கம்பெனியின் தலைமை ஆளுநர் காரன்வாலிஸின் படையுடன் சென்ற ஓவியர் ராபர்ட் ஹோம், அவரை முழுஉருவில் தீட்டினார். மைசூர் மன்னர் திப்புவின் மைந்தர்கள் பிணையாக ஒப்படைக்கப்பட்ட காட்சியையும் அவரே வரைந்தார். வெற்றியாளரைப் போற்றுவதே இக்கட்டத்து ஓவியங்களின் நோக்கம்.

பிளாசி, சீரங்கப்பட்டண வெற்றிகளின் நினைவாக ஜான் கோல்டிங்ஹாம் வடிவமைத்த சென்னை விருந்து மண்டபம் 1802-இல் திறக்கப்பட்டது. இத்தகைய ஓவியங்களுக்கு அது நிலையான இடமாயிற்று. வங்கத்தில் காரன்வாலிஸ் நிறுவிய நிரந்தர நிலவரித் திட்டம் செங்கல்பட்டு ஜாகிரில் புகுந்ததும் அதே ஆண்டுதான். நிலம் மிட்டாக்கள் எனும் வரிப் பகுதிகளாகப் பிரிக்கப்பட்டு ஏலம் போனது. அவற்றை ஏலத்தில் எடுத்த மிட்டாதார் பலர் வரி கட்ட முடியாமல் நொடித்தனர்.

மன்றோவும் பக்கிங்ஹாமும்

1820-இல் ஆளுநரான தாமஸ் மன்றோ, ரயத்துவாரி முறையை மாகாணத்தின் பொதுக் கொள்கையாக்கினார். உழவர் பெயரிலேயே பட்டா. வரியும் நேரே அரசுக்கு. இந்த வரிக் கொள்கையின் முகமான மன்றோவைத் தீட்டியவர் லண்டன் ஓவியர் மார்ட்டின் ஆர்ச்சர் ஷீ.

குடியேற்ற நாடுகளுக்கான பிரிட்டிஷ் அமைச்சராக இருந்த பக்கிங்ஹாம் கோமகன் 1875-இல் ஆளுநராக வந்தார். அடுத்த ஆண்டே தாது வருஷப் பஞ்சம் எனப்படும் பெரும்பஞ்சம் தொடங்கியது. அடையாற்றையும் கூவத்தையும் இணைத்த கால்வாய்ப் பகுதி பஞ்ச நிவாரண வேலையாக வெட்டப்பட்டு, கால்வாய் முழுதும் அவர் பெயரைப் பெற்றது. 1870-களின் இறுதியில் அவரை வரையும் பணி இந்திய ஓவியர் ரவிவர்மாவிடம் வந்தது. ஐரோப்பிய ஓவியர் ஒருவருக்காகக் கோமகன் 18 முறை அமர்ந்தும் ரவிவர்மாவின் படத்தில் அமைந்த அளவுக்குச் சாயல் அமையவில்லை என ரவிவர்மாவின் வாழ்க்கை வரலாறுகள் குறிப்பிடுகின்றன. தூரிகை இந்தியக் கைக்கு மாறியபோதும் ஆட்சியாளரை வரையும் மரபு மாறவில்லை.

முடிவு

எச்.டி. லவ் 1903-இல் வெளியிட்ட விளக்கப் பட்டியல் இவ்வோவியங்களை ஆய்வுப் பொருளாக்கியது. 1948-இல் திறக்கப்பட்ட சென்னைக் கோட்டை அருங்காட்சியகம் ஆளுநர் படங்களைப் பொதுமக்கள் பார்வைக்குக் கொண்டுவந்தது. போர் வெற்றி, வரிக் கொள்கை, பஞ்சகால நிர்வாகம் என மூன்று கட்டங்களிலும் படம் ஆட்சியை ஒரு தனிமனிதரின் சாதனையாகக் காட்டுகிறது. ஆணையின் விளைவைச் சுமந்தவர்களுக்கு அதில் இடமில்லை. ஆகவே இவ்வோவியங்களின் விளக்கக் குறிப்பில் ஓவியர், ஆண்டு ஆகியவற்றோடு அந்தந்தக் காலத்து ஜாகிர் வரி ஆவணங்களும் இணைய வேண்டும்.